பெயர் பெற்றும் பெயர் பெறாத பூனை



தமிழ்ச் செய்யுளுக்குப் பூனை புதிதன்று. வெருகின் இளமைக்குக் குட்டி என்னும் பெயரைத் தொல்காப்பிய மரபியல் உரிமையாக்கி வைத்திருக்கிறது. பாற்கடல் முழுவதையும் நக்கிப் பருகிவிடப் புகுந்த பூனையாகக் கம்பர் தம் அவையடக்கத்தில் தம்மைச் சொல்லிக்கொண்டார். ஆயினும் நம் செய்யுட்களில் வரும் பூனை பெரும்பாலும் உவமையாக வருகிறது. உவமை முடிந்ததும் போய்விடுகிறது. அதற்குப் பசித்ததா, யாரேனும் ஒரு பிடி சோறு இட்டார்களா என்னும் வினா எழுவதேயில்லை. அவ்வினாவை எழுப்பியே தீரவேண்டிய பூனை ஒன்று ஜப்பானிய இலக்கியத்தில் உண்டு. அது கதையிலும் வாழ்ந்தது, தெருவிலும் வாழ்ந்தது. கதைப் பூனையை உலகம் அறியும். தெருப் பூனையின் கதையே இன்று இவ்வவைக்கு உரியது.

ஆண்டு 1904. கோடை தொடங்கும் காலம். டோக்கியோ நகரின் சென்டாகிப் பகுதியில் ஒரு வாடகை வீடு. மோரி ஓகாய் என்னும் பேரெழுத்தாளர் முன்பு குடியிருந்த வீடு அது. 1904இல் அங்கே குடியிருந்தவர் நட்சுமே கின்னோசுகே. பின்னாளில் நட்சுமே சோசெகி என்று புகழ் பெற்றவர். வயது முப்பத்தேழு. அரசின் உதவித்தொகையில் 1900இல் இலண்டன் சென்று, தனிமையிலும் மனநோயிலும் நைந்து, 1903 சனவரியில் நாடு திரும்பியவர். லாஃப்கேடியோ ஹேர்ன் வகித்த ஆங்கில ஆசிரியப் பணி டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கிடைத்தது. பணி கிடைத்ததே தவிர நரம்புத் தளர்ச்சி நீங்கவில்லை. காரணமின்றிச் சினந்தார், வீட்டில் உள்ளோர் அஞ்சினர். 1903ஆம் ஆண்டுக் கோடையில் மனைவி கியோகோ குழந்தைகளுடன் பிறந்தகம் சென்று இரண்டு மாத அளவு தங்கி மீண்டார். மனிதருக்கே இருப்புக் கொள்ளாத வீடு என்று சொல்லலாம். அவ்வீட்டைத்தான் ஒரு தெருக் குட்டி தேர்ந்தெடுத்தது.

கியோகோ அம்மையார் தம் கணவரைப் பற்றிய நினைவுகளைப் பிற்காலத்தில் மருமகன் மட்சுவோகாவிடம் சொல்லி எழுதச்செய்தார். அந்நூல் 1928இல் வெளிவந்தது. அம்மையாருக்குப் பூனை பிடிக்காது. அதை அவர் மறைக்கவும் இல்லை. குட்டி வீட்டுக்குள் நுழையும். பிடித்து வெளியே எறிவார். காலையில் மரத்தடுப்புக் கதவைத் திறந்தால் அது வாயிலில் நின்று கத்தும்; கதவு அசைந்த அளவில் உள்ளே பாய்ந்துவிடும். மீண்டும் எறிவார். மீண்டும் வரும். வந்த குட்டி அடக்கமாகவும் இருக்கவில்லை. சோற்றுத் தொட்டியின் வெதுவெதுப்பான மூடிமேல் ஏறி உட்காரும், குழந்தைகளின் கால்களில் பாய்ந்து விளையாடும், அவர்கள் அலறுவார்கள். யாரிடமேனும் கொடுத்துக் காணாத தொலைவில் விட்டுவர வேண்டும் என்று அம்மையார் எண்ணியிருந்த வேளையில், ஒருநாள் கணவர் அப்பூனையைக் கண்டு, அது யாருடையது என்று கேட்டார். எத்தனை முறை எறிந்தாலும் வந்துவிடுகிறது என்றார் மனைவி. அவ்வளவு விருப்பத்தோடு வருகிறதென்றால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார் கணவர். பூனைக்குக் குடியுரிமை கிடைத்தது இப்படித்தான். கொஞ்சலும் இல்லை, தழுவலும் இல்லை.

சில நாள் கழித்து, உடம்பு பிடித்துவிட வரும் மூதாட்டி ஒருத்தி அப்பூனையைத் தூக்கிப் பார்த்தாள். கரிய சாம்பல் நிறத்தில் புலிவரி ஓடிய பூனை அது. பார்வைக்குக் கறுப்பாகவே தோன்றும். நகத்தின் நுனி வரை கறுத்த இப்பூனை செல்வம் சேர்க்கும் பூனை என்று அவள் சொன்னாள். அன்று முதல் அம்மையாரின் போக்கு மாறிற்று. அது வரை பணிப்பெண் போட்ட மிச்சத்தைத் தின்ற பூனைக்குத் தாமே மீன்சீவல் தூவிய சோறு வைக்கத் தொடங்கினார். தம் மனம் மாறியதற்கு நற்சகுனமே காரணம் என்று அவரே ஒப்புக்கொள்வது அந்நூலின் சிறப்புகளுள் ஒன்று. வேறு ஒருவராயின், அன்பு சுரந்தது என்று எழுதியிருப்பார்.

பரிமேலழகர் அன்பையும் அருளையும் வேறுபடுத்திக் காட்டுவதை இவ்வவை அறியும். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள். சென்டாகி வீட்டில் அப்பூனை பெற்றது இவ்விரண்டில் எது? இரண்டும் இல்லை எனலாம். அது பெற்றது இசைவு மட்டுமே. நட்பு முழுவதையும் பூனையே செய்தது. மனிதர் மறுக்காமல் இருந்தனர்.

அவ்வாண்டு இறுதியில்தான் இலக்கியம் உள்ளே வருகிறது. அது வந்த வழி ஓர் இலக்கிய வட்டத்தின் வழி என்பது, பத்தாண்டாகக் கூடிப் படித்து வரும் இவ்வட்டத்தார்க்கு மகிழ்ச்சி தரக்கூடியது. 1902இல் மறைந்த ஹைக்கூக் கவிஞர் மசாவோகா ஷிகியின் அன்பர்கள், தாம் எழுதிய உரைநடைச் சித்திரங்களை ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் கூட்டம் ஒன்றை நடத்திவந்தனர். எழுத்தில் ஒரு மலை, அதாவது ஒரு முகடு, இருக்கவேண்டும் என்பது ஷிகியின் கருத்து. அதனால் அக்கூட்டத்துக்கு ‘மலைக் கூட்டம்’ என்றே பெயர். ‘ஹொதொதொகிசு’ இதழின் ஆசிரியரான தகஹமா கியோஷி, மனச்சோர்வில் இருந்த நண்பரை ஏதேனும் எழுதித் தரத் தூண்டினார். சோசெகி எழுதினார். 1904 திசம்பரில் கியோஷியே அதைக் கூட்டத்தில் படித்தார். தலைப்பு என்ன வைப்பது என்று ஆசிரியர் தடுமாறியபோது, முதல் தொடரையே தலைப்பாக்கியவரும் அவரே. 1905 சனவரி இதழில் வெளிவந்த அக்கட்டுரை ஒரே தவணையோடு முடிந்திருக்க வேண்டியது, வாசகர் விடவில்லை. 1906 ஆகஸ்டு வரை பதினோர் இயல்களாக வளர்ந்தது.

‘நான் ஒரு பூனை’ என்று அத்தலைப்பை மொழிபெயர்ப்பது வழக்கம். பொருள் சரிதான், சுவை போய்விடுகிறது. மூலத்தில் பூனை தன்னைச் சுட்டும் சொல் பெரிய மனிதர்கள் மேடையில் நின்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் சொல். தமிழில் ‘யாம்’ என்று போட்டுப் பார்க்கலாம். அடுப்பங்கரையில் எறியப்பட்ட குட்டி, ‘யாம் பூனை’ என்று தொடங்கி, தனக்கு இன்னும் பெயர் இல்லை என்பதையும் அதே மிடுக்கோடு அறிவிக்கிறது. சொந்தப் பெயரே இல்லாத ஒன்றுக்கு அரசப் பன்மை! நகையின் ஊற்று அங்கே இருக்கிறது. ஊற்றின் அடியில் வேறொன்றும் இருக்கிறது.

கதைப் பூனையும் விரட்டப்பட்டுத் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்ததுதான். தன்னை வெளியே எறிந்த பணிப்பெண்ணின் மீனைத் திருடித் தின்று பழி தீர்த்த பிறகே அதன் மனம் ஆறுகிறது. குழந்தையின் படுக்கையில் புகுந்ததற்காக ஆசிரியரிடம் அளவுகோலால் அடி வாங்குகிறது. எலி பிடிப்பதில்லை, பொங்கலைப் போன்ற புத்தாண்டுப் பண்டத்தில் பல் ஒட்டிக்கொள்ளப் பின்காலில் நின்று ஆடுகிறது. அதற்கு இரங்குவாரில்லை, ஆகவே அதுவும் எவருக்கும் இரங்காமல் மனிதரைப் பார்க்கிறது. வளர்ப்புப் பிராணியாக, மடியில் வைத்துத் தடவப்பட்டதாக இருந்திருந்தால் இந்தக் கூர்மை அதற்கு வாய்த்திராது. யாருக்கும் உரியதல்லாத பார்வை அது. அங்கதம் எழுதும் கவிஞர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று பார்க்கலாம்.

கதையின் முடிவில் பூனை மிச்சமிருந்த பீரைக் குடித்து மயங்கி, நீர்ச்சாடியில் விழுந்து இறக்கிறது. ஆசிரியருக்குக் கதையை முடிக்க வேண்டியிருந்தது. உண்மைப் பூனையோ அதன் பின்னும் இரண்டாண்டு உயிரோடு இருந்தது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நூலின் முதற்பகுதி 1905 அக்டோபரில் வெளிவந்து, முதற்பதிப்பு இருபது நாளில் விற்றுத் தீர்ந்தது. மூதாட்டியின் சொல் பலித்தது என்றே சொல்லவேண்டும். 1907இல் சோசெகி பல்கலைக்கழகத்தை விட்டு ‘ஆசாகி’ நாளிதழில் முழுநேர நாவலாசிரியராகச் சேர்ந்தார். வீடும் இருமுறை மாறிற்று: 1906 இறுதியில் நிஷிகதாமாச்சி, மறு ஆண்டில் வசேதா. முதல் மாற்றத்தின்போது பூனையைக் குப்பைத்தாள் கூடையில் வைத்து எடுத்துச் சென்றனர். எடுத்துச் சென்றனர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும், விட்டுவிட்டுச் செல்லவில்லை. ஆயினும் பெயர் மட்டும் இடவில்லை. நண்பர் தந்த நாய்க்குட்டிக்குப் பின்னர் இலியது காப்பியத்தின் மாவீரன் ஹெக்டரின் பெயரைச் சூட்டியவர் அவர். பெயர் வைக்கத் தெரியாதவர் அல்லர்.

வசேதா வீட்டில் பூனை மெலிந்தது. அதன் இறுதி நாட்களைச் சோசெகியே 1909இல் ‘பூனையின் கல்லறை’ என்னும் சிறு கட்டுரையில் எழுதினார். புகழ் பெற்ற நாவலைவிட அச்சிறு கட்டுரையே பெரியது என்று சொல்வது மிகையாகத் தோன்றலாம். ஆனால் அதில் ஓர் எழுத்தாளர் தமக்குச் சாதகமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பூனை திண்ணை வெயிலில் முன்கால்களைச் சேர்த்து, அவற்றின்மேல் மோவாயை வைத்து, தோட்டத்துச் செடிகளைப் பார்த்தவாறு நெடுநேரம் கிடந்தது. குழந்தைகள் அதைக் கைவிட்டு வேறு விளையாட்டுக்குப் போயினர். அது வாந்தியெடுத்தது, விருந்தினர்க்கு வைத்திருந்த திண்டுகள் கெட்டன. வயிற்றுக் கோளாறாக இருக்கும், ஏதேனும் மருந்தை நீரில் கரைத்துக் கொடு என்று கணவர் சொன்னார். மனைவி மறுமொழி சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துக் கேட்டார்: கொடுத்தாயா? வாயே திறப்பதில்லை, மீன் முள் தின்றால் கக்குகிறது என்றார் மனைவி. அப்படியானால் முள்ளைப் போடாதே என்று சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டு அவர் மீண்டும் புத்தகத்தில் ஆழ்ந்தார்.

ஓரிரவு, உறங்கும் குழந்தையின் படுக்கையோரத்திலிருந்து அது உறுமியது. கவனித்தவர் அவர் ஒருவரே. மனைவி தையலில் இருந்தார். குழந்தையின் தலையைக் கடித்துவிடுமோ என்று அஞ்சினாராம். மறுநாள் அது கணப்படுப்பின் விளிம்பில் கிடந்து பகல் முழுதும் முனகியது. இரவானதும் தாமும் மனைவியும் அப்பூனையை அறவே மறந்துவிட்டதாக எழுதுகிறார். அது இறந்தது அந்த இரவில்தான் என்று அடுத்து எழுதுகிறார். இவ்விரண்டு செய்திகளுக்கு நடுவே ஒரு சமாதானமும் இல்லை. விடிந்ததும் விறகெடுக்கச் சென்ற பணிப்பெண், பின்கொட்டகையில் பழைய அடுப்பின்மேல் அது விறைத்துக் கிடக்கக் கண்டாள். 1908 செப்டம்பர் 13ஆம் நாள் அது.

அதன் பின் நடந்தவை நாம் எல்லாரும் நம் வீடுகளில் கண்டவை. அது வரை பொருட்படுத்தாத அம்மையார் ஓடிச்சென்று பார்த்தார், பரபரத்தார், ரிக்‌ஷாக்காரரைக் கொண்டு நினைவுப்பலகை வாங்கிவரச் செய்து, எழுதித் தருமாறு கணவரிடம் கேட்டார். முன்புறம் பூனையின் கல்லறை என்று எழுதினார். பின்புறம் ஒரு ஹைக்கூ எழுதினார். கல்லறையிலும் பெயர் இல்லை. நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் கறுப்புக்கரை இட்ட அஞ்சலட்டைகள் சென்றன. நோயுற்றிருந்த பூனை இறந்தது. பெட்டியிலிட்டுத் தோட்டத்தில் புதைக்கப்பட்டது. தாம் ‘சன்ஷிரோ’ நாவலை எழுதிக்கொண்டிருப்பதால் இறுதிச் சடங்குக்கு வரவேண்டா என்பது செய்தி. கவிஞர்கள் சும்மா இருப்பார்களா? மட்சுநே தோயோஜோ பூனையின் சாவை ஹைக்கூவாக்கிக் கியோஷிக்குத் தந்தியடித்தார். கியோஷியும் தந்தியிலேயே ஹைக்கூ அனுப்பினார். ஏறத்தாழ நான்காண்டுக்கு முன் அப்பூனையின் குரலை முதன்முதல் அவையில் ஒலித்தவர் அவர். இறந்தோர்க்குச் சூட்டும் திருப்பெயர்கூட அதற்கு இல்லாமற் போனதை அவர் பாடினார் என்பது நோக்கத்தக்கது. பெயரின்மை உறுத்தியது ஒருவரை மட்டும் அன்று.

குழந்தைகளுக்கும் திடீரென்று பூனைமேல் அன்பு வந்தது. பலகையின் இருபுறமும் கண்ணாடிப் புட்டிகளில் ஹாகிப் பூக்களை வைத்தனர், கிண்ணத்தில் நீர் வைத்தனர், நாள்தோறும் மாற்றினர். மூன்றாம் நாள் மாலை நான்காம் மகள் ஐகோ தனியே கல்லறைக்கு வந்தாள். அந்நாட்டு வழக்கில் நான்கு வயது. நம் கணக்கில் மூன்றுகூட நிறையவில்லை. பலகையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த விளையாட்டு அகப்பையால் பூனைக்கு வைத்த நீரை மொண்டு குடித்தாள். ஒருமுறை அன்று, பலமுறை. வீட்டில் இருந்தோருள் அப்பூனையோடு ஒரே கலத்தில் நீர் உண்டவள் அவள் ஒருத்தியே. தந்தை சன்னல் வழியாகவோ எப்படியோ இதைப் பார்த்திருக்கிறார், பார்த்ததை எழுதினார், விளக்கம் எழுதவில்லை.

அஞ்சலட்டையை வேடிக்கை என்று சொல்லிவிடுவது எளிது. வேடிக்கையும் உண்டுதான். ஆனால் அதே 1908ஆம் ஆண்டில், சில திங்கள் முன்னதாக, அவர் ‘புஞ்சோ’ என்னும் கட்டுரை எழுதியிருந்தார். மாணவர் சுசுகி மியெகிச்சியின் தூண்டுதலால் வாங்கிய ஒரு சிறு குருவி, இரை வைப்பாரின்றிக் கூண்டில் செத்த செய்தி அது. அதில் பணிப்பெண்மேல் சீறுகிறார். வீட்டாரைக் குறை சொல்லி மாணவருக்குக் கடிதம் எழுதுகிறார். பூனைக் கட்டுரையில் எவர்மேலும் குறை இல்லை. ‘மறந்துவிட்டோம்’ என்பதில் தம்மையும் சேர்க்கிறார். இரண்டுக்கும் இடையே சில மாதங்களே. அந்த மாற்றத்தை ஒரு தெருப் பூனை செய்தது.

இன்னும் ஒன்று. 1915இல் அவர் எழுதிய ‘கண்ணாடிக் கதவுகளுக்குள்’ என்னும் கட்டுரைத் தொடரின் இருபத்தெட்டாம் பகுதி பூனைகளைப் பற்றியது. வீட்டிலுள்ள பூனை எத்தனையாவது தலைமுறை என்று ஒருவர் கேட்க, இரண்டாவது என்று சொல்லிப் பிறகுதான் அது மூன்றாவது என நினைவுகூர்கிறார். முதற்பூனை வீடற்றதாக இருந்தும் ஒருவகையில் பெயர் பெற்றது என்கிறார். அடுத்த பகுதியைத் திருப்பினால் தம் பிறப்பைச் சொல்கிறார். பெற்றோரின் முதுமையில் வேண்டாத கடைப்பிள்ளையாய்ப் பிறந்தவர் அவர். பழம்பொருள் விற்கும் ஏழை இணையரிடம் கொடுத்துவிட்டனர். ஒவ்வோர் இரவும் யோட்சுயா தெருக்கடையில், தட்டுமுட்டுப் பொருள்களோடு ஒரு சிறு மூங்கிற்கூடையில் அக்குழந்தை கிடந்தது. தற்செயலாகக் கண்ட அக்காள் ஒருத்தி இரங்கி வீட்டுக்குத் தூக்கிவந்தாள். பின் மீண்டும் வேறொரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்தனர். நட்சுமே என்னும் குடிப்பெயர் அவருக்குச் சட்டப்படி திரும்பியது 1888இல், ஏறத்தாழ இருபத்தொரு வயதில். இவ்விரு பகுதிகளையும் அவர் இணைத்துப் பேசவில்லை. அடுத்தடுத்து வைத்தார். எறிந்தாலும் வருகிற குட்டியை ‘இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்று சொன்ன வாய் எவருடைய வாய் என்பது அப்போது விளங்குகிறது. பெயர் இடாத கை எவருடைய கை என்பதும் விளங்குகிறது.

அம்மையாரையும் மறக்கலாகாது. மாதந்தோறும் அப்பூனையின் இறந்த நாளில் ஒரு துண்டு சால்மன் மீனும் மீன்சீவல் தூவிய ஒரு கிண்ணம் சோறும் கல்லறைமுன் வைத்தார். சில காலம் சென்றபின் தோட்டம் வரை எடுத்துச் செல்வதில்லை. உள்ளறை அலமாரிமேல் வைத்துவிடுவதோடு சரி. இதையும் கணவரே எழுதிவைத்தார். பக்தி தேய்வது அப்படித்தான். ஆயினும் நாள் தவறவில்லை.

சோசெகி 1916இல் மறைந்தார். அவர் செய்யாது விட்டதைச் செய்தவர் அவருடைய மாணவர் உச்சிதா ஹியாக்கென் எனலாம். ஜெர்மன் ஆசிரியர், கட்டுரையாளர், கடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர். நீர்ச்சாடியில் மூழ்கிய ஆசானின் பூனை வெளியே ஏறிவந்ததாக வைத்து, 1949இல் ஒரு போலித் தொடர்ச்சி எழுதத் தொடங்கியவர் அவரே. சில ஆண்டு கழித்து அவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு தெருப்பூனையின் குட்டி, அகப்பைக் காம்போடு விளையாடி நீர்ச்சாடியிலேயே விழுந்தது! ஹியாக்கென் வீட்டார் இரங்கிச் சோறிட்டனர். வெளியிலேயே இருக்கட்டும் என்றுதான் முதலில் எண்ணம். பிறகு அது உள்ளே வந்தது. குளியல்தொட்டி மூடிமேல் உறங்கிற்று. ‘நோரா’ என்று பெயர் வைத்தார். இப்சனின் நாயகியை நினைக்க வேண்டா, தெருப்பூனை என்பதற்குரிய சொல்லின் முதற்பகுதியே அது என்று விளக்கமும் தந்தார்.

1957 மார்ச்சு 27ஆம் நாள் நோரா தோட்டத்துப் புதர் வழியே வெளியே சென்றது, திரும்பவில்லை. அறுபத்தேழு வயதுக் கடுமூஞ்சி அழுதார். சாப்பாடு இறங்கவில்லை. அது உறங்கிய மூடியைப் பார்க்க மாட்டாமல் குளிப்பதையே நிறுத்தினார். சுஷிச் சோற்றின்மேல் வரும் முட்டைத் துண்டை நோரா விரும்பும். ஆகவே சுஷி வாங்குவதை விட்டார். நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். துண்டறிக்கை அச்சிட்டு நாளிதழோடு வீடுதோறும் மீண்டும் மீண்டும் அனுப்பினார். அப்பகுதியில் வாழ்ந்த வெளிநாட்டினர்க்காக ஆங்கிலத்திலும் அச்சிட்டார். எங்கோ ஒரு பூனை செத்துக் கிடப்பதாகச் செய்தி வந்தால் ஆளனுப்பிப் பார்க்கச் சொன்னார். நாள்தோறும் எழுதினார். அவ்வாண்டே ‘நோரா, ஏ நோரா’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூல் வெளிவந்தது. குரோசாவாவின் இறுதித் திரைப்படமான ‘மதாதாயோ’ 1993இல் இக்காட்சிகளைத் திரையில் வைத்தது. அத்துணைக் கண்ணீர் மிகை என்று தோன்றும். தோன்றட்டும். ஓரிரவில் மறக்கப்பட்ட ஆசானின் பூனைக்கு உரிய கண்ணீரும் அதில் சேர்ந்திருக்கலாம்.

நோராவைத் தேடிய நாட்களிலேயே, அதைப் போன்ற நிறமுடைய வேறொரு தெருப்பூனை வேலியருகே வந்து நிற்கத் தொடங்கியது. நோராவோ என்று பார்த்தனர். வால் குட்டையாக இருந்தது, நோரா அன்று. விரட்டவில்லை. சோறு வைத்தனர். நாளடைவில் அது உள்ளே வந்தது. 1962இல் அது நோயுற்றபோது கால்நடை மருத்துவரை ஹியாக்கென் வீட்டுக்கு வரவழைத்தார்; ஆகஸ்டு 19ஆம் நாள் அது அவ்வீட்டில், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க இறந்தது. அதற்குக் ‘குர்ட்ஸ்’ என்று பெயரிட்டிருந்தார். ஜெர்மன் மொழியில் குட்டை என்று பொருள்.